இறக்கத்துக்கு ஒரு கை

காலையில் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் அனுப்பிய காகிதம் கிடைத்தது ஐயா. அதில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது. திருத்திக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தேன். வண்டி என்னுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். என்னுடையது இல்லை. வியாழக்கிழமை விபத்து. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே அந்தத் தேன்காரருக்கு விற்றுவிட்டேன். பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் இப்படி ஆகிவிட்டது.

விற்றதற்கு என்ன ஆதாரம், என்ன பேசி விற்றீர்கள் என்று முழுதாகச் சொன்னால் எழுதிக்கொள்கிறேன் என்கிறீர்கள். நியாயம்தான். வண்டியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வண்டி என்று பெருமையாகச் சொல்வார்கள். தள்ளுவதற்கும் நான்கு பேர் வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு மலைமேல் வேலை. குடிநீர்த் தொட்டிக்குப் பொறுப்பாளன். நீர்மட்டம் பார்த்து எழுத வேண்டும், மருந்து கலக்க வேண்டும், மோட்டாரைப் போட்டு நிறுத்த வேண்டும். என் மனைவி அதே மலையில் மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். வீடு அடிவாரத்தில். நடுவில் பதினொரு வளைவுகள் உள்ள மண்பாதை. பஸ் உண்டு, ஆனால் அது ஊரையெல்லாம் சுற்றிவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்து சேரும். அதனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இந்த வண்டியை வாங்கினேன். வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டிருந்தது.

இடப்பக்கக் கதவைக் கயிற்றால் கட்டுவோம். கூரை ஒழுகும், அதுவும் ஓட்டுபவன் தலைக்கு நேராகத்தான் ஒழுகும். இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அடிக்கும். எதிரே வருபவர்கள் நான் வணக்கம் சொல்வதாக நினைத்துக் கையை ஆட்டுவார்கள். நானும் ஆட்டுவேன், வேறென்ன செய்வது. காலையில் சாவியைத் திருப்பும்போது அது எடுக்குமா எடுக்காதா என்று வயிற்றில் ஒரு பிடி பிடிக்கும். பன்னிரண்டு வருஷமும் ஒரு நாள் தவறாமல் பிடித்தது. அண்டை வீட்டம்மா, "உங்க வண்டி இருமற சத்தம் கேட்டுத்தான் நான் அடுப்பே பத்த வைக்கிறேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் முதல் சில வருஷம் சிரிப்பு வந்தது.

எழுதிக்கொள்ளவேண்டிய விஷயம் சின்ன லீவர். பெரிய கியருக்குப் பக்கத்தில் இருக்கும். இறக்கத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டு வருவது பிரேக் இல்லை ஐயா, இஞ்சின். அந்தச் சின்ன லீவரைத் தள்ளிப் போட்டால் நான்கு சக்கரமும் இஞ்சினோடு சேர்ந்துகொள்ளும், வண்டி அடக்க ஒடுக்கமாக இறங்கும். என் வண்டியில் ஏழு வருஷத்துக்கு முன் அது நழுவத் தொடங்கியது. நழுவினால் இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோகும். இஞ்சின் அது பாட்டுக்குக் கத்தும், வண்டி அது பாட்டுக்கு ஓடும். பிரேக் முதல் இரண்டு மிதிக்குக் கேட்கும். பிறகு சூடேறி, மிதி தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் மெக்கானிக்கை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள பல்லு தேஞ்சு போச்சு சார். மாத்தணும்னா கியர் பெட்டி கிடைக்கணும். அதுவரைக்கும் இறங்கும்போது யாராவது கையால பிடிச்சுக்கங்க. ஒரு கை போதும், இன்னும் பத்து வருஷம் ஓடும்."

அந்தக் கை என் மனைவியுடையது. ஏழு வருஷம், தினமும் சாயங்காலம், பதினொரு வளைவு. ஏறி உட்காருவாள், கைப்பையை மடியில் வைப்பாள், வலது கையை லீவர் மேல் வைப்பாள். முதல் வளைவு வந்ததும் கை தானாக இறுகும். அடிவாரத்தில் சமதரை வந்ததும் தானாக விடும். உள்ளங்கையில் காய்ப்பே வந்துவிட்டது. "உங்களக் கட்டிக்கிட்டதவிட இதக் கட்டிப் பிடிச்சிருந்ததுதான் அதிகம்" என்பாள். முணுமுணுத்ததே இல்லை. முணுமுணுத்திருந்தால் ஒருவேளை நான் அப்போதே ஏதாவது செய்திருப்பேன்.

விற்கப் பார்க்காமல் இல்லை. முதலில் வந்த ஒருவரிடம் லீவரைப் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னேன். வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். அடுத்தது என் சகலை. அவரிடம் கொஞ்சம் பட்டும் படாமலும் சொன்னேன். எடுத்துக்கொண்டு போனார். அந்த ஒன்பது நாளும் நான் பஸ்ஸில் போனேன், ஒன்றரை மணி நேரமும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை. பத்தாம் நாள் வாசலில் அந்த இருமல் கேட்டது. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "சொந்தத்துக்குள்ள இப்படியா செய்வீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். என் மனைவியும் அவள் தங்கையும் ஒரு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. விற்பது பெரிய காரியம் இல்லை. விற்றது திரும்பி வராமல் இருக்க வேண்டும்.

போன மாதம் டாக்டர் வழியில் நிறுத்தினார். "சார், உங்க வண்டிக்குக் கியர் பெட்டி ஒண்ணு கிடைச்சிருக்கு. நல்ல கண்டிஷன். ரெண்டு நாள் விடுங்க, மாட்டித் தரேன்" என்றார். நான் பார்க்கலாம் என்றேன். நீங்கள் புருவத்தை உயர்த்துகிறீர்கள். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பட்டறையின் மர ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன் ஐயா. இன்னும் இரண்டு நாள் அதில் உட்காருவதை நினைத்தாலே எனக்கு உடம்பு ஓய்ந்துபோனது. அவ்வளவுதான் காரணம்.

தேன்காரர் நல்ல மனிதர். முப்பது வயது இருக்கும். மலையில் அங்கங்கே தேனீப் பெட்டிகள் வைத்திருந்தார். பூ எங்கே பூக்கிறதோ அங்கே பெட்டிகளைக் கொண்டுபோக வண்டி வேண்டும் என்றார். ஞாயிறு காலை மனைவியோடு வந்தார். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. வண்டியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. கயிறு கட்டிய கதவைக்கூடத் தட்டிக்கொடுத்தார்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா. மலைக்குப் போய் வரலாம் என்று நானே சொன்னேன். என் மனைவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நீயும் வாயேன், மேல காய்கறி வாங்கிட்டு வந்துடலாம்" என்று கூப்பிட்டேன். முன்னால் தேன்காரர் பக்கத்தில் உட்காரவைத்தேன். கைப்பை எடுத்து வர மறந்திருந்தாள். பெரிய பையாக ஒன்றை நான்தான் மடியில் கொடுத்தேன். தேன்காரரின் மனைவியும் நானும் பின்னால் உட்கார்ந்தோம்.

திரும்பி இறங்கும்போது முதல் வளைவில் பைக்கு அடியில் அவள் கை இறுகியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். அவளை யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. கதவைச் சாத்துவதுபோல அவளுக்கு அது பழக்கம். வண்டி பூனைபோல இறங்கியது. "என்னமா இறங்குதுண்ணே" என்று தேன்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் மனைவிதான் முன்னால் எட்டிப் பார்த்து, "அக்கா, எதுக்கு அதப் பிடிச்சிருக்கீங்க? கை வலிக்கலையா?" என்று கேட்டாள்.

என் மனைவி வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "அவளுக்கு இறக்கம்னா பயம்மா. எதையாவது பிடிச்சுக்கிட்டாத்தான் உயிரு நிக்கும்."

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். நாலு பேர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கத் தெரியாதவள். நான் தனியாக அவரிடம் விஷயத்தைச் சொல்வேன் என்று நினைத்திருப்பாள். அவள் அப்படி நினைப்பாள் என்றும் எனக்குத் தெரியும்.

அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் சமையலறையில் கேட்டாள், "லீவர் விஷயத்தச் சொல்லிட்டீங்கல்ல?" நான், "சொல்லாம இருப்பேனா?" என்றேன். கவனித்துப் பாருங்கள் ஐயா, நான் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன்.

திங்கள், செவ்வாய், இரண்டு நாளும் பஸ்ஸில் தூங்கினேன். புதன் மதியம் தேன்காரர் போன் செய்தார். இது உங்கள் பதிவில் இருக்காது என்று நினைக்கிறேன். தொட்டி ஆபீஸ் போனுக்கு வந்தது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்தச் சின்ன லீவர் தானா வெளிய வந்துடுச்சு. வீட்டுக்கிட்ட சின்ன இறக்கம்தான், சமாளிச்சுட்டேன். நாளைக்குப் பெட்டியெல்லாம் ஏத்திட்டு மலையில இருந்து இறங்கணும். வீட்டுக்காரியும் வரா. எதுக்கும் சாயங்காலம் வண்டிய உங்க வீட்டுக்குக் கொண்டாந்து ஒரு தடவ காட்டட்டுமா?"

வீட்டுக்குக் கொண்டாந்து என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் கேட்டது. வாசலில் அந்த இருமல், மேஜைமேல் சாவி, வயிற்றில் அந்தப் பிடி. உண்மையாகவே எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வேண்டாம் தம்பி. புதுக் கைக்கு அப்படித்தான் முரண்டு பிடிக்கும். நல்லா அழுத்திப் போடுங்க, நிக்கும்" என்றேன்.

"சரிண்ணே. நீங்க சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டார்.

வீட்டம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தான் உட்காரப்போகிறாள், அவளுக்கும் கை இருக்கிறது. ஆனால் சொன்னால், எனக்கு முன்பே தெரியும் என்று ஆகிவிடும். தெரிந்தே கொடுத்தான் என்றால் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். சகலையே கொண்டுவந்தார், இவர் வராமல் இருப்பாரா.

வியாழன் காலை பத்தேகாலுக்கு நான் தொட்டிமேல் நின்று நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி இறங்கும் சத்தம் கேட்டது. ஆயிரம் வண்டிக்கு நடுவிலும் எனக்கு அது தெரியும். முதல் வளைவில் அடங்கித்தான் இறங்கியது. இரண்டாவது வளைவைத் தாண்டியதும் இஞ்சின் சத்தம் திடீரென்று லேசானது, பாரம் இறங்கியவன் ஓடுவதுபோல. லீவர் வெளியே வந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்தது. பிரேக் எத்தனை மிதிக்குத் தாங்கும் என்றும் தெரியும். ஹாரன் அடித்தது. அது அவர் அடித்ததா, இடது பக்கம் திருப்பியதால் அடித்ததா என்று சொல்ல முடியவில்லை. பிறகு சத்தம் இல்லை.

நான் கீழே இறங்கி ஓடவில்லை. யாராவது பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். நீர்மட்டத்தைப் புத்தகத்தில் எழுதினேன். நேரமும் போட்டிருக்கிறேன், நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். காப்பாற்றப் போனவர்களாலும் முக்கால் மணி நேரம் கிட்டே நெருங்க முடியவில்லையாம். பெட்டிகள் உடைந்து தேனீக்கள் வண்டியை மொய்த்துக்கொண்டிருந்தன. கிட்டே போனபோது தேன்காரருக்கு உயிர் போய்விட்டிருந்தது. அவர் மனைவி இன்னும் கண் திறக்கவில்லை என்று மருந்தகத்தில் பேசிக்கொண்டார்கள்.

அந்த நிமிஷம் என்ன தோன்றியது என்று கேட்கிறீர்கள். மறைக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது. இனி அது திரும்பி வராது என்று தோன்றியது.

என் மனைவி நேற்று உங்களிடம் வந்ததாகச் சொன்னாள். தன்னால்தான் நடந்தது, ஏன் பிடித்திருக்கிறேன் என்று அன்றைக்கே தன் வாயால் சொல்லியிருக்க வேண்டும் என்று அழுதாளாம். நீங்கள் பெரிய மனது பண்ணி, விபத்துக்கு நீங்கள் என்னம்மா செய்வீர்கள் என்று அனுப்பிவிட்டீர்கள். இப்போது பஸ்ஸில் இறக்கம் வரும்போதெல்லாம் அவள் வலது கை மடியில் தானாக மூடிக்கொள்கிறது. வெறும் கையை அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறாள். தினமும் என்னிடம், "சொன்னீங்கதானே?" என்று கேட்கிறாள். தினமும் சொன்னேன் என்கிறேன். அவள் நிம்மதிக்காகத்தான்.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? நான் வந்த காரியம் இன்னும் முடியவில்லையே. இந்தக் காகிதத்தில் கடைசி வரியைப் பாருங்கள். விசாரணை முடிந்ததும் உரிமையாளர் வந்து வண்டியைத் திரும்ப எடுத்துச் செல்லலாம் என்று இருக்கிறது. டாக்டர் வேறு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இஞ்சின் அப்படியே இருக்கு சார், நிமித்தி எடுத்தா ஓடும்" என்கிறார்.

தெரிந்தேதான் கொடுத்தேன், தெரிந்தேதான் இறங்கச் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே வையுங்கள். வண்டியை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள் ஐயா.