பாஸ்வேர்டை மாற்றச் சொன்ன பெண்

கம்ப்யூட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு இன்டர்நெட் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று உங்களுக்குத் தெரியாது சார். விவேக் நகரில் ஆறேழு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயிலில் நொவேனா ஜெபம் முடிந்தால் பாதிக் கூட்டம் நேராக என் பிரவுசிங் சென்டருக்குத்தான் வரும். எல்லோருக்கும் பிள்ளைகள் கல்ஃபில். இமெயில் ஐடி திறந்து கொடுத்தவன் நான். என்ன பாஸ்வேர்ட் வைக்கலாம் என்று கேட்டால் ஆளாளுக்குக் குழந்தை இயேசு பெயரையே வைக்கச் சொல்வார்கள். சாமி பெயர் இருந்தால் திருடன் கை வைக்கமாட்டானாம். சிரிப்பதா அழுவதா, சொல்லுங்கள்.

அப்போது லாட்டரி மெயில்கள் வந்து குவிந்த நேரம். லண்டனில் பரிசு விழுந்திருக்கிறது, உடனே பதில் போடு, யாரிடமும் சொல்லாதே என்று எழுதுவான். நம்ம ஜனங்கள் அதை நம்பி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார்கள். தொண்டை வறளச் சொல்லிப் பார்த்து, கடைசியில் சுவரிலேயே எழுதி ஒட்டினேன்: 'அவசரம் என்றால் நம்பாதே. ரகசியம் என்றால் நம்பவே நம்பாதே.' அதுவும் போதவில்லை. அதனால் தினம் காலையில் கடை திறந்ததும் எல்லோருடைய மெயிலையும் நானே திறந்து பார்த்து, குப்பையைத் தள்ளிவிடுவேன். யாரும் கேட்கவில்லைதான். யாரும் நன்றி சொன்னதும் இல்லை.

பிரிஜெட் ஆன்ட்டி கான்வென்ட்டில் சமையல் செய்பவர். புருஷன் இல்லை, ஒரே பெண் கேரல். அவளுக்கு மஸ்கட்டில் ஒரு வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. வேலை உறுதியான மெயில் ஆன்ட்டியின் ஐடிக்கு வந்த அன்று தெருவில் அவளைப் பார்த்து, "கங்கிராட்ஸ்மா" என்றேன். அவள் அந்த மெயிலை இன்னும் திறக்கவே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் விமானம் ஏறிய வாரம் ஆன்ட்டி வந்தார். "ஓஸ்வால்ட், பாஸ்வேர்ட மாத்தணுமாம்பா. போறப்ப கேரல் படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போனா. எனக்கு அதெல்லாம் எங்க தெரியுது? ஸ்வல்ப வேலதானே, நீயே மாத்திக் குடுத்துடு."

மாற்றிக் கொடுத்தேன். புதிய பாஸ்வேர்ட் என்னவென்று ஆன்ட்டி கேட்கவும் இல்லை.

எனக்குக் கோபம் இல்லை சார். மனசு கொஞ்சம் கசந்தது, அவ்வளவுதான். ஏரியா முழுக்க என்னை நம்புகிறது. நேற்றுவரை பாவாடை கட்டிக்கொண்டு ஓடிய பெண் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டாள்.

முதலில் சாதாரணமாகத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் அது வந்தது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், போனைப் பூட்டிவிட்டார்கள், வீட்டுக்காரர் அடிக்கிறார், பிள்ளைகளின் கம்ப்யூட்டரில் ஒளிந்து எழுதுகிறேன், உடனே பாதரிடம் சொல்லி எம்பசிக்குப் பேசச் சொல்லுங்கள், இந்த வீட்டுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று. அவசரம், ரகசியம். என் சுவரில் இருப்பது அத்தனையும் அதில் இருந்தது. அழித்தேன். மறுநாளும் வந்தது. அதையும் அழித்தேன். அப்புறம் அந்த முகவரியிலிருந்து எதுவுமே வராதபடி தடுத்துவிட்டேன்.

ஆனால் வியாழக்கிழமை ஆன்ட்டி வந்து உட்கார்ந்துவிடுவாரே. வெறும் திரையைக் காட்டி அனுப்ப மனசு வரவில்லை. நானே இரண்டு வரி தட்டி வைத்துப் படித்துக் காட்டினேன். மம்மி, நான் நல்லா இருக்கேன், நேரத்துக்குச் சாப்பிடறேன், மேடம் தங்கமானவங்க. ஆன்ட்டி திரையைத் தொட்டு, கோயிலில் சாமி சுரூபத்தைத் தொட்டு முத்தி செய்வதுபோல விரலை உதட்டில் வைத்துக்கொள்வார். ஒவ்வொரு வாரமும் புதிதாக எதையாவது யோசிக்க வேண்டும். அது எவ்வளவு களைப்பு என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

சவப்பெட்டி வந்த அன்று ஆன்ட்டி அழவில்லை. வந்தவர்களிடமெல்லாம், "வேற யாரோ பொண்ணுங்க இது. போன வியாழக்கிழமைதானே பிரியாணி சாப்ட்டேன்னு எழுதினா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வியாழக்கிழமைக்கு முன்பே கேரல் மாடியிலிருந்து விழுந்து மார்ச்சுவரிக்குப் போய்விட்டாள். குதித்தாளோ, தள்ளினார்களோ, அது எனக்குத் தெரியாது. கூட்டத்தில் யாரோ தேதியைப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து நீங்களும் வந்துவிட்டீர்கள்.

நான்தான் அழித்தேன். நான்தான் எழுதினேன். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். மோசடி என்று நினைத்துத்தான் அழித்தேன் என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள். அவள் ஐடியைத் திறந்து, அனுப்பியதைப் பிரின்ட் எடுத்து வைத்திருக்கிறீர்களே, அதன் ஆரம்பத்தைப் படித்துப் பாருங்கள். 'ஓஸ்வால்ட் அங்கிள், மம்மிக்கு முன்னாடி நீங்கதான் இதைப் படிப்பீங்கன்னு தெரியும். நான் உங்களைத் தப்பா நினைச்சிருந்தா மன்னிச்சிடுங்க. உங்க கால்ல விழறேன், மம்மிகிட்ட காட்டுங்க.'

பெயரைத் தெரிந்துவைத்துக்கொண்டு, உறவு சொல்லிக் கூப்பிட்டு, மனசை இளக வைப்பதுதான் சார் இந்த ஃபிராடுகாரர்களின் முதல் வேலை. அதைப் படித்ததும்தான் எனக்குச் சந்தேகமே வந்தது.