தள்ளிக் கட்டிய துணி

எங்கள் மலைச்சரிவில் துணி அவ்வளவு சீக்கிரம் காயாது. மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அதனால்தான் அக்காவின் வெள்ளைத் துணியைப் பள்ளத்துப் பக்கம் மாற்றிக் கட்டினேன். அங்கே காற்று உண்டு. விசாரிக்க வந்து நீங்கள் கேட்டபோது இதைத்தான் முதலில் சொன்னேன், போலீஸ் ஐயா. அது பொய்யில்லை.

இருட்டியதும் அக்கா நார்சிசா அந்தத் துணியின் முன் விளக்கு மாட்டுவாள். அந்துப்பூச்சிகள் வந்து அப்பிக்கொள்ளும். அவள் தேடியது ஒன்றைத்தான்: நகத்தளவு, சாம்பல் நிறம், இறகோரம் செம்புக் கோடு. அதன் பெண்ணைப் பார்த்தவர்களே சிலர்தான். ஆணை யாரும் பார்த்ததில்லை. அதைப் படமெடுத்துவிட்டால் அவளுக்குத் தலைநகர் கீட்டோவில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை.

பெண் பூச்சி முதலில் வந்து உட்கார்ந்தது என் சட்டைக் கையில். விருந்தாளிகள் எதிரில் அக்கா சொன்னாள்: "எங்க ஊமச்சி வாயத் தொறக்கமாட்டா. மரம்னு நெனச்சு ஒட்டிக்கிச்சு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

அம்மா படுக்கையில் விழுந்தபோது ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும் என்றாள் அக்கா. பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மாவைப் புதைத்ததும் அவள் பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

"நான் மட்டும் தனியாவா இருப்பேன்?" என்று கேட்டேன்.

"கோழிங்க இருக்குல்ல" என்றாள், வாழைக்காய் வறுவலை மென்றபடி. "அதுங்க உன்னவிட நல்லாப் பேசும்டீ."

அக்கா கிட்டப் போய்ப் படமெடுப்பாள். பிறகு துணியைப் பார்த்தபடியே பின்னால் நகர்வாள். விளக்கில் கண் கூசியிருக்கும். கால் தானாகப் போகும். பழைய இடத்தில் அவளுக்குப் பின்னால் புல்தரை இருந்தது. புதிய இடத்தில் பள்ளத்து விளிம்பும் ஒரு மூங்கில் தடுப்பும். அந்தத் தடுப்பை நான் அன்று அடுப்புக்கு எடுத்துவிட்டேன். விறகு ஈரமாக இருந்தது.

கால் ஒடிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கீழே பாறை என்பது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

அன்று ஆண் பூச்சி வந்தது. "வந்துடுச்சுடீ" என்று கிசுகிசுத்தாள். படமெடுத்தாள். பின்னால் நகர்ந்தாள்.

உடனே ஏன் இறங்கிப் பார்க்கவில்லை என்கிறீர்கள். பூச்சி இன்னும் துணியில் இருந்தது. முதலில் அதைக் குப்பியில் பிடித்து மூடினேன். கீழேயிருந்து அவள் கூப்பிட்டாள். ஊமச்சி என்றல்ல, எல்வியா என்று என் பெயரைச் சொல்லி. கேட்க நன்றாக இருந்தது. குரல் நிற்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அவசரமானதை முதலில் செய்தேன், ஐயா. பூச்சி பறந்துவிட்டால் திரும்ப வராது. அக்கா எங்கேயும் போகப்போவதில்லை.