கருகின இலை தொங்கட்டும்

நம்ம குழு கூட்டத்துல ரெண்டு வார்த்தை பேசுன்னு மைக்கைக் கையில குடுத்துட்டீங்க... எனக்குப் பேசத் தெரியாது. நடந்தது ஒண்ணு இருக்கு. சின்னதுதான். சொல்லிட்டு உக்காந்துடறேன்.

எங்க வாசல்ல பெரிய பட்டர் ப்ரூட் மரம், அவகாடோன்னு சொல்றாங்களே, அது. எங்க வீட்டுக்காரர் வெச்சது. கார்த்திகையில அவர் போய்ட்டார்... தை பொறந்ததும் உறைபனி. காலையில கதவைத் திறந்தா, கொதிக்கிற தண்ணியை ஊத்துன மாதிரி மரம் பூரா கருகித் தொங்குது. எனக்கு எப்படி இருக்கும்? சொல்லுங்க, எப்படி இருக்கும்?

உக்கார முடியல, நிக்க முடியல. மரம் ஏறுற ராயப்பனைக் கூப்பிட்டேன். "இன்னிக்கே வெட்டிப் போடு தம்பி. பார்க்கச் சகிக்கல."

அண்ணாந்து பார்த்தான். "இப்ப கத்தி வைக்கக் கூடாதுக்கா. பங்குனி வரட்டும்."

"முப்பது வருசம் தேயிலையில கிடந்தவ நான். எனக்கே கவாத்து சொல்லித் தர்றியா? தேயிலையை மொட்டையா வெட்டுனா துளிர்க்குதா இல்லையா?"

"துளிர்க்கும்க்கா. தேயிலைக்கு நீங்கதான் ராணி. இது தேயிலை இல்லையே!" சிரிச்சுக்கிட்டே கயித்தைத் தோள்ல போட்டுட்டுப் போய்ட்டான்.

விட்டேனா? ரம்பத்தை எடுத்தேன். கைக்கு எட்டுன கிழக்குக் கிளையை நானே மொட்டையடிச்சேன். மாசியில நாலு நாள் வெயில் அடிச்சதும் அதுல தளிர்! "பாத்தியா ராயப்பா!"ன்னு கடைத்தெருவுல வெச்சே கேட்டேன். அந்த வாரமே மறுபடி பனி... தளிர் போச்சு. கிளையும் போச்சு.

பங்குனியில அவனே வந்தான். நான் தொடாத கிளையில நகத்தால தோலைக் கீறுனான். பச்சை! அந்த மறு பனிக்குக் கருகின இலையே போர்வையா நின்னிருக்கு. கொஞ்ச நாள்ல தளிர் விட்டுச்சு; எதுவரைக்கும் செத்துச்சு, எங்க உசுரு இருக்குன்னு அந்தத் தளிரே காட்டிக் குடுத்துச்சு. அதுக்கு மேல மட்டும் வெட்டுனான். கிழக்குப் பக்கம் இன்னிக்கும் வெறிச்சுன்னு கிடக்கு.

இதை ஏன் சொல்றேன்? நீங்க எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்றீங்க. "அவர் ஸ்வெட்டரை ஆணியில இருந்து எடு, துணியைக் குடுத்துடு, அழுதது போதும்." போன வாரம் எடுத்தேன்... மடிச்சேன்... திரும்ப மாட்டிட்டேன்.

சாவு விழுந்த வீட்டுக்குக் கத்தியைத் தூக்கிட்டு ஓடாதீங்க தாயி. கருகினது கொஞ்ச நாள் தொங்கட்டும். எதை வெட்டணும்னு உள்ள இருக்கிற உசுரு காட்டும்.

மரத்துக்குப் பங்குனி வந்துடுச்சு. எனக்கு இன்னும் வரல... வந்தா, அந்த ஸ்வெட்டரை நானே எடுக்கறேன்.