ஒவ்வொரு மாடியிலும் நின்று

— இல்ல, எனக்குப் புரியலை. இதய வால்வு ரொம்பச் சுருங்கிடுச்சுன்னு டாக்டரம்மாவே சொல்றாங்க. ஆனா ஆபரேஷன் இப்போ வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னும் சொல்றாங்க. இது என்ன கணக்கு?

— மெதுவாப் பேசுங்க. அடுத்த ஆள் உள்ள இருக்கார், கதவுகூடச் சாத்தலை.

— முப்பது வருஷமா குழாய் மாட்டுறவன்டி நான். வால்வு கெட்டா கழட்டி மாத்துவேன். ஆறு மாசம் பார்க்கலாம்னு எந்த வீட்டுலயாவது சொல்லியிருக்கேனா?

— தொந்தரவு எதுவும் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? மாடி ஏறினா மூச்சு வாங்குதா, நெஞ்சு அழுத்துதா, மயக்கம் வந்துச்சான்னு ஒண்ணொண்ணாக் கேட்டாங்க. எல்லாத்துக்கும் இல்லை, இல்லைன்னு தலையாட்டினீங்க. அதான் பொறுத்துப் பார்க்கலாம்னாங்க.

— இல்லாததை இருக்குன்னா சொல்ல முடியும்? சளிக்கு மருந்து வாங்க வந்தவன் நான். நெஞ்சுல ஸ்டெதாஸ்கோப்பை வச்சுட்டு, புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் வருதுங்கறாங்க. ஸ்கேன் எடுத்தா சுருங்கிடுச்சுங்கறாங்க. பிரஷரோ நல்லாத்தான் இருக்காம்! கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு.

— குறுகின வாசல்ல ரத்தம் முட்டி மோதிப் போற சத்தமாம் அது.

— இருக்கட்டும். நம்ம வீடு நாலாவது மாடி. தினமும் உன்கூட ஏறுறேன். எனக்கு மூச்சு வாங்கிச்சா?

— ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னுதானே போறோம்.

— அது உன் முட்டி வலிக்காக நிக்கிறது. எனக்காகவா நின்னோம்?

— இங்க பாருங்க, கோவிச்சுக்கக் கூடாது.

— என்ன?

— என் முட்டி போன வருஷமே சரியாயிடுச்சு. நீங்க கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவீங்க. அதைப் பார்த்துட்டு, ஐயோ என் முட்டின்னு நான்தான் நிப்பேன். நில்லுங்கன்னா நிக்கிற ஆளா நீங்க?

— அடிப்பாவி! ஒரு வருஷமா நடிச்சியா?

— வயசாகுதுன்னு நினைச்சேங்க. வால்வுன்னு நான் கனவா கண்டேன்? அந்த ஆள் வெளிய வந்ததும் உள்ள போய் உள்ளதைச் சொல்லிடலாம். எனக்கு பயமா இருக்கு.

— இரு. ஒரு நிமிஷம் உட்காரு.

— ஏன், என்ன பண்ணுது?

— ஒண்ணும் பண்ணலை. போன வாரம் நெத்தியில காயத்தோட வந்தேன்ல, ஷெல்ஃப் இடிச்சிடுச்சுன்னு? எதுவும் இடிக்கலைடி. பைப் கட்டைத் தூக்கிட்டுப் படியேறினேன். கண்ணைத் திறந்தா தரையில கிடக்கேன்.