பெயர் சொல்லாத ஜெபம்

என் பால்கனி டாக்குரியா ரயில் ஸ்டேஷன் வாசலைப் பார்த்தபடி இருப்பதற்கு நான் பொறுப்பில்லை. நாங்கள் இந்த ஃபிளாட்டுக்கு வந்தபோதே அது அப்படித்தான் இருந்தது. துணி காயப்போடப் போனால் கண்ணை மூடிக்கொண்டா காயப்போட முடியும்? எதிர் ஃபிளாட் பெங்காலி அம்மா, போஸ் காக்கிமாவும்தான் நாள் முழுக்க நின்று பார்க்கிறாள். ஆனால் அவள் பார்ப்பதோடு விட்டுவிடுவாள். பார்த்தவர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்ற பாரம் அவளுக்குக் கிடையாது. எனக்கு உண்டு.

பதிவு செய்ய வேண்டும் என்றால் செய்துகொள், கீதாஞ்சலி. போனை அந்த பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வை; அங்கே ஃபேன் சத்தம் விழாது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை, நம் சபை வாலிபர் ஐக்கியத்துச் செயலாளர், இந்த வெயிலில் நடந்து வந்திருக்கிறாய். ரோஸ்லின் ஆன்ட்டி எதையோ மறைத்தாள் என்று நாளைக்கு நீ சொல்லக் கூடாது.

பூங்கோதையை எனக்குப் பிடிக்காது என்று நினைக்கிறாய். அப்படியில்லை. கரக்பூரிலிருந்து நர்சிங் படிக்க வந்த பிள்ளை. சபை மூப்பர் இராஜமாணிக்கம் வீட்டு மாடி அறையில் குடியிருந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டுச் சோறு போட்டதே நான்தான். மீன் குழம்பு. கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஞாயிறு பள்ளியில் எனக்கு ஒரு கை உதவட்டும் என்று கொண்டுபோய் நிறுத்தியதும் நான்தான். அவள் பிள்ளைகளுக்கு பெங்காலியில் கதை சொல்லி, தமிழில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். நான் சுத்தத் தமிழில் சொன்னபோது கொட்டாவி விட்ட அதே பிள்ளைகள் அவள் முன்னால் சப்பணமிட்டு வாய் பிளந்து உட்கார்ந்திருந்தன. எனக்குச் சந்தோஷம்தான். கிறிஸ்துமஸ் நாடகத்தை இந்த வருஷம் பூங்கோதையே நடத்தட்டும் என்று கமிட்டியில் முடிவெடுத்தார்கள். அதுவரை எல்லாம் நான்தான், மேய்ப்பர்களுக்குத் தலைப்பாகை கட்டுவது முதல் தேவதூதனுக்கு மூக்குத் துடைப்பது வரை. அன்றைக்கு முதலில் கை தட்டியவள் நான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பார்.

அதற்குச் சில நாள் கழித்து, காலையில் துணி காயப்போடும்போது அவளைப் பார்த்தேன். ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆளோடு நின்றாள். நரைத்த தலை, கசங்கிய சட்டை. அவர் தோளில் சாய்ந்து அழுதாள். பிறகு இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் ஏறிப் போனார்கள். நான் பார்த்தது இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. ரோஸ்லின் கைச்சரக்கு சேர்ப்பாள் என்று சபையில் ஒரு பேச்சு இருக்கிறது. அதனால் சொல்லி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் பெண்கள் ஐக்கியத்து உபவாச ஜெபம். அங்கே ஓர் ஒழுங்கு உண்டு. கூச்சமான விஷயமாக இருந்தால் ஆளின் பெயரைச் சொல்லக் கூடாது. 'ஒரு சகோதரி', 'ஒரு குடும்பம்', அவ்வளவுதான். கர்த்தருக்குப் பெயர் தெரியும். நான் அந்த ஒழுங்கை மீறவில்லை. பெற்றோரை விட்டு வந்து நம் நடுவில் தங்கிப் படிக்கிற ஒரு வாலிப மகள், அப்பா வயசுள்ள ஒருவரோடு காணப்பட்டாள், அவள் கண்ணிக்குத் தப்பும்படி ஜெபிப்போம் என்றேன். நம் சபையில் அப்படித் தங்கிப் படிக்கிறவள் ஒருத்திதான் என்றால் அதற்கு நான் என்ன செய்வது? சபை சின்னது.

எல்லோரும் கண்ணீரோடு ஜெபித்தார்கள். மூப்பர் மனைவிதான் எல்லோரையும்விடச் சத்தமாக. முடிந்து சுக்குக் காபி குடிக்கும்போது ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை; மூப்பர் மனைவியின் முகத்தை மட்டும் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் டாலிகஞ்சிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பண்டிகைக்கு மட்டும் கோயிலுக்கு வருகிற நியூ டவுன் ஐடி பிள்ளைகள்கூட வாட்ஸப் குரூப்பில் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். பூங்கோதைக்கு ஞாயிறு பள்ளியிலிருந்து கொஞ்சம் ஓய்வு கொடுத்தார்கள். மாடி அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும், காலி செய்துகொடு என்றார்கள். மூப்பர் கண்ணியமானவர், வேறு காரணம் சொல்லவில்லை. தங்க இடமில்லாமல் படிப்பைப் பாதியில் விட்டு அவள் இன்று சாயங்கால ரயிலில் ஊருக்குப் போகிறாள் என்பது நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். சரி, முன்பே தெரியும்.

உன் கெட்டிக்காரத்தனத்தையும் மெச்ச வேண்டும். பேச்சு யாரிடமிருந்து கிளம்பியது என்று நீ கேட்டபோது ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஜெபத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாதாம். உடனே நீ, வெள்ளிக்கிழமை ஜெபத்தை முன்னின்று நடத்துகிற எங்கள் மூன்று பேரிடமும் தனித்தனியாக வந்து அழுதாய். போதகரம்மாவிடம், இருட்டில் பயமாக இருக்கிறது என்றாய். மூப்பர் மனைவியிடம், தம்பியை அடித்துவிட்டேன் என்றாய். என்னிடம், எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் காப்பியடித்தேன், மனசு குத்துகிறது என்றாய். மூன்று பேரிடமும், உங்களோடே இருக்கட்டும் என்றாய். அடுத்த வெள்ளிக்கிழமை நான் 'ஒரு பள்ளி மாணவி'க்காக ஜெபித்தேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் படிக்கட்டில் உன் அம்மாவை நிறுத்தி ஆளாளுக்குக் கணக்குப் பரீட்சையை விசாரித்தார்கள். இருட்டையும் தம்பியையும் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆளைப் பிடிப்பதற்காகப் பொய் சொல்லலாமா பாப்பா என்று இப்போதுதான் உன்னைக் கேட்டேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

"மூணும் நெஜம்தான் ஆன்ட்டி. பொய் சொல்ல பயமா இருந்துச்சு. அம்மா இன்னும் எங்கிட்ட பேசல."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பிஸ்கட் எடுத்துக்கொள்.

"மூப்பர் தாத்தாவுக்கு ஒரு போன் பண்ணுங்க. நான் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை. ரயிலுக்கு முன்னாடி சொன்னாப் போதும்."

சொன்னதில் என்ன தப்பு? பார்த்ததைத்தானே சொன்னேன். தப்பாக இருந்தால் அவளே சொல்லியிருக்கலாம். போதகர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மகளே, யாரம்மா அது என்று எவ்வளவு தன்மையாகக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ அவளுக்கு உயிர்த்தோழி. உன்னிடமும் சொல்லவில்லை.

"அதான் எனக்குப் புரியல. அவ ஏன் ஆன்ட்டி வாயே திறக்கல? உங்களுக்குத் தெரியுமா?"

சொல்கிறேன். முதலில் போனை அணை. அணைத்துவிட்டாயா? நல்லது.

அவர் அவளுடைய அப்பா. ரயில்வேயில் வேலை, கூடவே குடி. வேறு ஏதோ காரணம் சொல்லி லீவு போட்டுவிட்டு இங்கே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்ந்திருக்கிறார். ஆபீசில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவருக்குப் பயம். நம் சபையில் பாதிப் பேருக்குக் கரக்பூரில் சொந்தம் இருக்கிறது. யாரிடமும் சொல்வதில்லை என்று பூங்கோதை அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். தாங்க முடியாமல் ஒரே ஓர் ஆளிடம் சொன்னாள். நாடகம் அவளுக்குக் கிடைத்த மறுநாள், என் சமையலறையில், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. "ஆன்ட்டி, ஜெபத்துலகூட இதைச் சொல்லிடாதீங்க" என்றாள்.

ஆக, ஸ்டேஷன் வாசலில் நிற்பவர் யார் என்று பால்கனியிலேயே எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வாயைத் திறந்தபோதும் தெரியும். தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அவள் அப்பாவைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்பதும் தெரியும். அந்தப் பிள்ளையை நான் நம்பியதுபோல் என் வாழ்நாளில் யாரையும் நம்பியதில்லை.

நீ எழுந்துவிட்டாய். உட்கார். மூப்பருக்கு நான் எப்படிப் போன் செய்வது? அப்படியென்றால் அந்த ஆள் யார் என்று கேட்பார். அவள் என்னை நம்பிச் சொன்னதை நான் எப்படி வெளியே விடுவேன்? இன்றுவரை ஒருவரிடமும் மூச்சுவிட்டதில்லை. உன்னிடம்கூட இப்போது ஜெபத்துக்காகத்தான் சொன்னேன்.