திருட்டு மூச்சு

இல்லண்ணே, பேசிக்கிட்டே இருந்தா கை தப்பாது. வாயை மூடினாத்தான் எனக்கு எண்ணிக்கை விட்டுப் போகுது. நீங்க அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. உங்க வீட்டம்மா கீழ மருந்து வாங்கத்தான் போயிருக்காங்க. லிஃப்ட் வேலை செய்யல, மூணு மாடி ஏறி வரணும், கொஞ்சம் நேரம் ஆகும். உங்க பொண்ணை இப்பத்தான் சிஸ்டர் பாத்துட்டுப் போனாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பெட்டு தெரியுதில்ல, அதுல ஓரமா இருக்கா பாருங்க. நெஞ்சு அழகா ஏறி எறங்குது. சாயங்காலந்தான் உள்ள விடுவாங்க. பயப்படாதீங்க, அங்க நாலு பேருக்கும் மூச்சு குடுக்கற மெஷின் இருக்கு.

இதுவா? இது ரப்பர் பைதாண்ணே. தொண்டைக்குள்ள குழாய் போட்டிருக்காங்க இல்ல, இதை அமுக்கினா இவர் நெஞ்சுக்குள்ள காத்து போகும். அமுக்கலேன்னா போகாது. அவ்வளவுதான் கதை. மூணு நாளா கையாலதான் ஓடுது. மெஷின் ஒண்ணு காலியாகற வரைக்கும் நீங்களே பாத்துக்கங்கன்னுட்டாங்க.

அப்பாவா? எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. சொந்தமே இல்லண்ணே. எங்க பள்ளிக்கூடத்துப் பாட்டு சார். ரிஜிஸ்தர்ல உறவுன்னு ஒரு கட்டம் இருந்திச்சு, மகள்னு எழுதிட்டேன். பின்ன? மாணவின்னு எழுதினா வெளிய நில்லும்மான்னுடுவாங்க. இவருக்குச் சம்சாரம் போய் ஆறு வருஷம் ஆச்சு, புள்ளகுட்டி கிடையாது.

சேந்து பாடற குரூப்புண்ணே எங்களது. நாப்பது புள்ளைங்க. தனியா பாட யாரையும் விட மாட்டாரு. எவ்வளவு நல்ல தொண்டையா இருந்தாலும் சரி, கூட்டத்துல நில்லுன்னுடுவாரு. அவர் சொல்லிக் குடுத்ததுல பெரிய விஷயமே மூச்சுதான். வரி முடியற எடத்துல நாப்பது பேரும் ஒண்ணா மூச்சு வாங்கினா பாட்டுல பள்ளம் விழும்பாரு. அதனால நடுவுல, வார்த்தை ஓடிக்கிட்டிருக்கும்போதே, யாருக்கும் தெரியாம வாங்கணும். திருட்டு மூச்சுன்னு பேரு வச்சிருந்தோம். பக்கத்துல நிக்கறவ வாங்கறப்ப நீ வாங்கக் கூடாது, அவ விட்டதை நீ தாங்கணும். ஒரு போட்டியில ஒரே சுரத்தை மூணு நிமிஷம் அறுபடாம புடிச்சோம். நடுவரா வந்த மனுஷன் நம்பவே இல்ல. எழுந்து வந்து மேடைத் திரையைத் தூக்கிப் பாக்கறாரு, பின்னாடி டேப் ஏதாவது ஓடுதான்னு! பின்னாடி எங்க டிபன் டப்பாதான் இருந்திச்சு.

எனக்கா? எனக்கு அப்ப இழுப்பு. நாலு படி ஏறினா வீட்டுக்கே கேக்கும் என் மூச்சு. பாட்டுல சேத்துக்கச் சொல்லி எங்கம்மா கேட்டப்ப பெரிய டீச்சரம்மா சிரிச்சிட்டாங்க. இவர் சிரிக்கல. கூட்டத்துக்கு நட்டநடுவுல என்னை நிறுத்தினாரு. இந்தப் பக்கம் ஒரு தொண்டைக்காரி, அந்தப் பக்கம் ஒருத்தி, அவளுக்குப் பேரே சங்குதான், ஃபேக்டரி சங்கு மாதிரி கத்துவா. இவளுக்கு எப்ப வேணுமோ அப்ப வாங்கிக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கங்கன்னாரு. அது வரைக்கும் கிளாஸ்ல இழுத்துப் புடிச்சு, வாயைப் பொத்தி, திட்டு வாங்கித்தான் நான் மூச்சே விட்டிருக்கேன். இப்ப பஸ் ஸ்டாண்டுல மைக்குல பேசற வேலைண்ணே எனக்கு. எந்த பஸ் எந்த மேடைன்னு பதினாலு ஊர் பேரை ஒரே மூச்சுல சொல்வேன். கேக்கறவங்களுக்கு எங்க மூச்சு வாங்கினேன்னே தெரியாது.

அது சரி. இந்த விரல் ரெண்டும் மரத்துப் போச்சு. இருங்க, புடியை மாத்திக்கறேன். ஆங்.

ஆள் இருக்காங்கண்ணே, இல்லாம என்ன. சங்குதான் லிஸ்ட்டு போட்டா. முப்பத்தோரு பேர், ஆளுக்கு அரை மணி நேரம். அடுத்தவ வந்து என் கை மேல கை வைப்பா, ரெண்டு தடவை சேந்து அமுக்குவோம், அப்புறம் நான் கையை உருவிக்குவேன். ஒரு மூச்சு கூடத் தப்பல. சொன்னா நம்ப மாட்டீங்க, வராந்தாவுல வரிசையில நின்னாங்க. வாட்ச்மேன் வந்து என்னம்மா ரேஷன் கடையான்னு திட்டினாரு.

இன்னைக்கா? இன்னைக்கு எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. மூணு நாள் லீவு போட்டாச்சில்ல. காலையில பத்து மணியிலேருந்து நான் ஒருத்திதான். இப்ப மணி நாலா? அடக் கடவுளே.

என் போன் அடிக்குதுண்ணே, அந்தப் பையில. ஒரு கையால அமுக்கினா காத்து பத்தல, எடுக்க முடியல. எடுத்து யாருன்னு பாருங்களேன். நின்னு போச்சா? மெசேஜா? சங்கா? படிங்க, பரவாயில்ல.

ம்.

சரி. ஆறு மணிக்கு எல்லாரும் வர்றாங்க. மெஷின் வச்சாச்சா, சார் எப்படி இருக்காருன்னு கேக்கறா. பதில் போடாதீங்க. அப்படியே வைங்க. வைங்கண்ணே.

நீங்க ஒரு உதவி பண்றீங்களா? கையைக் கழுவிட்டு வந்து என் கை மேல வைங்க. ஒண்ணுன்னதும் அமுக்குங்க, முழுசா பிழிய வேண்டாம், பாதிக்கு மேல போதும். ரெண்டுன்னா விடுங்க. மூணு, நாலு, அஞ்சு சும்மா இருங்க. மறுபடி ஒண்ணு. அப்படித்தான். ரெண்டாவதும் சேந்தே பண்ணுவோம். ஒண்ணு. விடுங்க. இப்ப நான் கையை எடுக்கறேன். நல்லா பண்றீங்கண்ணே. இவர் நெஞ்சைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க.

மெஷின் என்னாச்சா?

வந்திச்சுண்ணே. பதினோரு மணிக்கு ஒண்ணு காலியாச்சு, காலையில டாக்டர் சொன்ன மாதிரியே. அதை நம்பித்தான் எல்லாரையும் வேலைக்கு அனுப்பினேன். சின்ன டாக்டர் பேப்பரோட வந்தாரு. வரிசைப்படி உங்கப்பாவுக்குத்தாம்மா, ஆனா விடியக்காலையில ஒரு குழந்தை வந்திருக்கு, ஏழு வயசு, நீங்க முடியாதுன்னாலும் யாரும் தப்பு சொல்ல முடியாதுன்னாரு. அஞ்சு நிமிஷம் குடுத்தாரு. நான் திரும்பிப் பாத்தேன். அதோ, இந்தப் பக்கம் இப்ப காலியா இருக்கற அந்த பெட்டுல உங்க பொண்ணு, உங்க வீட்டம்மா ஒருத்தியா பையை அமுக்கிட்டிருந்தாங்க. அழுதுக்கிட்டே, கணக்கு வழக்கு இல்லாம. ரெண்டு தரம் கை நழுவிச்சு. இவருக்கு முப்பத்தோரு பேர் இருக்கோம், அவங்களுக்கு யாரு இருக்கா? நீங்க பஸ்ஸுல வந்துக்கிட்டிருந்தீங்க.

நிறுத்தாதீங்க! அமுக்குங்க. அழுவறதை அப்புறம் அழுதுக்கலாம். ஒண்ணு. விடுங்க. ஆங்.

சார் காதுல கேட்டேன். கண்ணைத் தொறந்தாரு, தலையாட்டினாருன்னு சொல்லணும்னு எனக்கு ஆசைதான். ஒண்ணும் ஆட்டல. நானேதான் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் ஒருத்திக்கும் போன் பண்ண முடியல. கை காலி இல்லைன்னு சொல்றது பொய்ண்ணே, சிஸ்டர்கிட்ட சொன்னா பண்ணியிருப்பாங்க. எனக்கு வாய் வரல. அடுத்த மெஷின் நாளைக்கு வரலாம், நாளன்னைக்கும் ஆகலாங்கறாங்க. இவர் முகத்தைப் பாருங்க, காலையில இருந்த நிறமா இது? அதுக்குள்ள எதாவது ஆச்சுன்னா நான்தானே? பயமா இருக்குண்ணே. இவ்வளவு நேரம் பேசினதே அந்தப் பயத்துலதான்.

உங்க பொண்ணு நல்லா இருக்கட்டும். எனக்குக் கும்பிடெல்லாம் போடாதீங்க, கையை எடுக்காதீங்க. ஆறு மணிக்கு அவங்க வந்து மெஷின் எங்கன்னு கேப்பாங்க. நான் குடுத்துட்டேன்னு நானே சொல்லிக்கறேன், திட்டினா வாங்கிக்கறேன். யாருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேன். இவரை எங்களுக்கு அவ்வளவு புடிக்கும்ணே. கோவத்துல ஒருத்தி அந்தக் கண்ணாடிப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பாத்துட்டாக்கூட என்னால தாங்க முடியாது, குழந்தை அது. அதனால, அஞ்சே முக்காலுக்கு பையை என் கையில குடுத்துட்டு நீங்க அங்க போயிடுங்க. என்னை யாருன்னு கேட்டா தெரியாதுன்னுடுங்க.