உல்லாஸ்நகரில் எழுதிய பரீட்சை

நாலாவதோடு படிப்பை விட்டு, தாராவியில் மூன்று கடை போட்டவன் நான். பேச்சில் யாருக்கும் சளைத்ததில்லை. அன்று உல்லாஸ்நகர் போகிற ரயிலில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எதிர் சீட்டில் ஓர் அப்பாவும் பத்து வயது மகளும்.

“தெரிஞ்ச கணக்கையும் வேணும்னுதாம்ப்பா தப்பாப் போட்டேன்.”

“ஏம்ட்டி? உல்லாஸ்நகர் இருக்க ஜில்லாப் பிள்ளையளுக்கு மட்டும்தான் பரீட்சை வச்சு, காசு வாங்காம கவர்மெண்ட் ஹாஸ்டல் ஸ்கூல்ல எடுப்பாங்கன்னுதான உன்னையும் அம்மையையும் அங்க குடிவச்சேன்?”

“பெயிலானா தாராவிக்கே, உங்ககிட்டயே வந்திரலாம்லா?”

“அந்த வீட்டை அன்னைக்கே விட்டாச்சுட்டி. நான் தையல் பட்டறையில, மெஷினுக்கு அடியிலதான் படுக்கேன்.”

அவள் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“திரும்பப் பரீட்சை வைப்பாங்களாப்பா? இந்தத் தடவை ஒழுங்கா எழுதுதேன்.”